எந்த வழியாக வந்தது கோதுமை?

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். திருத்தங்கலில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். என் கணவருக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. தீபாவளி சீசன் சூடு பிடித்து, வெடிக்கட்டு லேபிள் ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம் என்பதால் விடிந்ததும் சைக்கிளை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். எங்களுக்கு ஒரே மகள், மூன்றரை வயது. அவளைப் பற்றித்தான் இதைச் சொல்ல வந்தேன். என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. இன்று இப்படிச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அன்று சொன்னால் சிரித்தார்கள். இரண்டு வயதில் அவளுக்கு வயிறு பானை மாதிரி உப்பி, கை கால் எல்லாம் சூம்பிப் போய், வெளிறிய நிறத்தில் நாற்றமாக வயிறு போய்க்கொண்டே இருந்தது. பூச்சி மருந்து, ஈரல் டானிக், மந்திரிப்பு என்று பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் ரயிலேறி வடக்கே ஒரு பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் ஒருவர், பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நானும் பெருமையாக அடுக்கினேன். பால் ரொட்டி, ரஸ்க், பிஸ்கட், ரவைக் கஞ்சி, மால்ட் பவுடர். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் கேப்பைக் கூழும் கம்மஞ்சோறும் தின்று கல்லுப் பிள்ளையார் மாதிரி திரிந்தன. டீச்சர் வீட்டுப் பிள்ளையை உசத்தியாக வளர்க்கிறேன் என்று நான்தான் அவளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தேன். அவ்வளவையும் நிறுத்துங்கள் என்றார் அந்த டாக்டர். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் இனி அவள் நாக்கில் படவே கூடாது என்றார். ஆறே மாதத்தில் பிள்ளை தேறிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஆகாத பொருள்களை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினேன். ஒரு பொருளை எழுதி ஒட்டிவிட்டால் அது என் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. சோறு தின்கிற ஊரில் கோதுமைக்கு இவ்வளவு பயமா என்று கணவர்கூடக் கேலி செய்வார். பிள்ளை நன்றாக இருக்கிற வரையில் அது சரிதான். இட்லி, சோறு, கூழ் என்று காலம் ஓடிவிடும். படுத்துவிட்டால்தான் கஷ்டம். எங்கள் பக்கம் ரொட்டி என்பதே நோயாளிக்கு வாங்குகிற பொருள். காய்ச்சலா, ரொட்டியும் பாலும். வயிறு சரியில்லையா, பார்லித் தண்ணீர். பார்க்க வருகிறவர்கள் கையில் ரஸ்க் பொட்டலம். சீக்காளிப் பிள்ளைக்கு ஊரே அன்பாகக் கொண்டுவந்து கொடுப்பது எதுவோ, அதுதான் என் பிள்ளைக்கு விஷம்.

நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த வீட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும். தீப்பெட்டி கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வேலை எடுத்துச் செய்கிறவர். மெல்லிய அட்டையில் நீலக் காகிதத்தைச் சுற்றிப் பெட்டி ஒட்டுவது, சட்டத்தில் குச்சி அடுக்குவது, இரண்டும் செய்வார். பெட்டி ஒட்டும் பசை மைதாவில் கிண்டுவது. அது எனக்குத் தெரியும். அதனால் பிள்ளைக்கான சாப்பாட்டை நானே தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்துவிடுவேன். அதைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று தினமும் வாசலில் நின்று ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் போவேன். அவர் "சரிங்க டீச்சரம்மா" என்பார். அப்போதெல்லாம் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன், அவர் என்னை வாங்க போங்க என்பார். அதில் எனக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றியதில்லை.

அந்த ஆவணியில் நாலு நாள் மழை பெய்து ஊருணித் தண்ணீர் கலங்கியது. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. என் மகளுக்கும் வந்தது. பள்ளியில் இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் என்பதால் லீவு கிடைக்கவில்லை. மரக் கிராதி போட்ட சின்னக் கிளினிக் ஒன்றில் கம்பவுண்டர் சிவப்பு மிக்சர் கொடுத்து, பார்லித் தண்ணீர் கொடுங்கள் என்றார். முடியாது என்றேன். "படிச்ச நீங்களே இப்படிப் பேசினா எப்படி டீச்சரே? பார்லி குளிர்ச்சிதானே?" என்று சலித்துக்கொண்டார். ரஸ்க் கொண்டுவந்த எங்கள் கிறிஸ்தவ சபை மூப்பரின் மனைவியிடம் அதைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. யாரையும் நம்பாமல் எனக்குத் தெரிந்த கை வைத்தியத்தை நானே செய்வது என்று முடிவு செய்தேன். மாதுளம் தோல் கஷாயம், ஓமத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருங்காயம். பிள்ளைகளின் வயிற்றுக்கு அதைவிட நல்லது ஒன்று உண்டா? ஒரு கட்டியை உடைத்துக் கல்கிண்ணத்தில் ஊறவைத்துக் கரைத்து, மோரில் கலந்து புகட்டினேன். அது காகிதத்தில் இல்லாத பொருள். அதனால் பயமில்லை.

மூன்று நாளில் தெருப் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டன. என் மகள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் விட்டது, வயிறு நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் துணியை அலசப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அதே வெளிறிய நிறம், அதே நாற்றம். ஒரு வருடத்துக்கு மேலாக நான் பார்க்காதது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தோல் விண்ணென்று இருந்தது. இது மழைத் தண்ணீர் வியாதி இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கிருந்தோ கோதுமை என் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கிருந்து? அதுதான் தெரியவில்லை. அரிசிப் பானை, மிளகாய்த்தூள் டப்பா, எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். கணவரின் சட்டைப் பைகளைத் துழாவினேன், வழியில் பன் கின் வாங்கி ரகசியமாகக் கொடுத்துவிட்டாரோ என்று. ஒரு துண்டுப் பென்சிலும் கிழிந்த லேபிளும்தான் இருந்தன. அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் அழுது ஜெபித்துவிட்டு, அந்தக் கண்ணீர் காயுமுன்னே அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பசைச் சட்டி. விரல் இடுக்கெல்லாம் பசை, நகக்கண்ணில் காய்ந்த பசை, முழங்கை வரை வெள்ளைத் தீற்றல். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ வெடித்துவிட்டது.

"இந்தக் கையாலதானே என் பிள்ளைக்குச் சோறு ஊட்டுற? எத்தனை தடவை சொன்னேன்? காதுல விழலையா? என் பிள்ளையைக் கொல்லணும்னே இருக்கியா?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் எழுந்து, "டீச்சரம்மா, நான் வந்து..." என்று தொடங்கினார். பேசாதே என்றேன். இனிமேல் என் வாசலில் கால் வைக்காதே என்றேன். அவர் பசைக் கையை முந்தானையில்கூடத் துடைக்காமல் அப்படியே நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பெரிய நிம்மதி. திருடனைப் பிடித்தாயிற்று, இனிப் பிள்ளை தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டராவது, பரீட்சையாவது என்று திங்களும் செவ்வாயும் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தேன். என் கையைத் தவிர வேறு கை அவள் மேல் படவில்லை. நானே சமைத்து, நானே ஊட்டினேன். ஆனால் அவள் இன்னும் மோசமானாள். வயிறு வலிக்கிறது என்று முனகும்போதெல்லாம் பெருங்காய மோர் கொடுத்தேன். முனகல் கூடக் கூட நானும் கட்டியைப் பெரிதாக உடைத்தேன். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் கண் குழிவிழுந்துவிட்டது. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்தால், கிள்ளியபடியே நின்றது. அழுதால் கண்ணீர் வரவில்லை. கணவர் சிவகாசியிலிருந்து கூட்டிவந்த டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லாமல் அவரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள், பஸ்ஸில் வேண்டாம், கார் பிடியுங்கள் என்றாராம். கணவர் கார் தேடி ஓடினார்.

கார் வருகிற வரையில் நான் தனியாக இருந்தேன். பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று நிமிடத்துக்கொரு தரம் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். போகும் வழியில் வலித்தால் என்ன செய்வது என்று, காலையில் ஊறப்போட்ட பெருங்காயத்தைக் கரைக்க உட்கார்ந்தேன். அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுப் பெண், கையில் ஒரு செம்பு.

"வைவீகன்னு தெரியும். வையுங்க. பிள்ளையப் பாத்துட்டுப் போயிருறேன். நொய்க்கஞ்சி உப்புப் போட்டு வச்சுக் கொண்டாந்திருக்கேன். வெறும் அரிசிதான், கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தான் காச்சுனேன்."

எனக்கு வையக்கூடத் தெம்பு இல்லை. அவர் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"பெருங்காயம். வயித்துக்கு."

"காலையில இருந்து எத்தன தடவ குடுத்தீக?"

"மூணு. இது நாலாவது."

அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, அடியில் கரையாமல் கிடந்ததை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். விரல்களை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். இழை இழையாக இழுத்தது. குடத்துத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி தேய்த்தார். அலசியும் போகாமல் சவ்வு மாதிரி விரலிலேயே நின்றது. அவர் முகம் மாறியது.

"டீச்சரம்மா, இதுல மைதா கெடக்கு."

"பெருங்காயத்துலயா? உளறாத."

"பிசினுன்னா வழுக்கும். அரிசி மாவுன்னா விரலுல உதிரும். இது இழுக்குது பாருங்க. பத்து வருசமா பசை கிண்டுன கை இது, எனக்குத் தெரியாதா?"

மைதாவைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அலமாரியில் இருந்த டிஞ்சர் அயோடின் புட்டி நினைவுக்கு வந்தது. வருடா வருடம் ஐந்தாம் வகுப்பில் உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டு, நீலமானால் அதில் மாவுச்சத்து இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். அந்தச் சவ்வை ஒரு சாசரில் வைத்து, தண்ணீர் கலந்து ஒரு சொட்டு விட்டேன். மைபோலக் கறுநீலமாக மாறியது. மாவுதான், அது அரிசி மாவு இல்லை என்று அவர் விரல் முன்பே சொல்லிவிட்டது.

ஒரு வாரமாக, மூன்று வேளை, நாலு வேளை, என் கையால். ரசத்தில் கிள்ளிப் போட்டபோது தாங்கிக்கொண்டிருந்த உடம்புக்கு, மருந்து என்று கட்டி கட்டியாகக் கரைத்துப் புகட்டியிருக்கிறேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்பியபோது மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்தான் கிண்ணத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கஞ்சித் தண்ணீரைக் கரண்டி நுனியால் உதட்டில் விட்டார். முதல் இரண்டு கரண்டி வெளியே வந்துவிட்டது. "இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் நக்குடி என் கண்ணு" என்று விடாமல் கொடுத்தார். பத்துக் கரண்டிக்குப் பிறகு உள்ளே நின்றது. கார் வந்தபோது செம்பில் பாதி காலியாகியிருந்தது. மீதியை என்னிடம் கொடுத்து, "வழி பூரா சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே போங்க, நிறுத்திறாதீக" என்றார்.

விருதுநகரில் காருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். நான் சொன்னதைக் கேட்டிருந்த கணவர் மீதிப் பெருங்காயக் கட்டியை எடுத்துக்கொண்டு பஜாரில் ஒரு மொத்தக் கடைக்கு ஓடினார். திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கூட்டுப் பெருங்காயம்னா மைதா சேர்க்காம எப்படிக் கட்டி பிடிக்கும்னு கேக்கிறாரு. அந்தக் கடைப்பையன்கள் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். கடைக்காரர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் மறைத்து எதையும் விற்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. மதுரை போகிற வரைக்கும் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தேன். நான் கரண்டியைப் பார்த்தபடியே இருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் கால் நரம்பில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. அங்கே இருந்த இளவயது டாக்டரிடம் கோதுமையையும் பெருங்காயத்தையும் பற்றிச் சொன்னேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்காமல் இரண்டு தரம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். வழியில் என்ன கொடுத்தீர்கள் என்றும் கேட்டார். கஞ்சி என்றதும், "நல்ல வேளை, அதைக் கொடுத்துக்கொண்டு வந்தீர்கள்" என்றார். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அழும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நர்ஸ் அதைக் காட்டியதும் நான் வார்டு என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டு அழுதேன். ஐந்தாம் நாள், "நெத்திலிக் கருவாடு வேணும்" என்று என் மகள் வார்டே சிரிக்கும்படி அடம் பிடித்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று மதுரையிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். மூன்று வாக்கியம். வாசலில் நின்றதும் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்து மூடினார். தேங்காய் நாரையும் சீயக்காயையும் எடுத்துக் கை இரண்டையும் தேய்த்தார். நகக்கண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி நோண்டிக் கழுவினார். அவசரமே இல்லாமல், தினமும் செய்து பழகிய மாதிரி. அப்புறம் தரையை ஈரத்துணியால் துடைத்து, குச்சி அடுக்கும் சட்டத்தை எடுத்து வைத்துவிட்டு வந்து கையை நீட்டினார். என் மகள் தாவிப் போய்விட்டாள்.

அதற்குள் கம்பெனி ஏஜெண்ட் சைக்கிளில் வந்து இறங்கினார். பிள்ளையைப் பார்த்தார், சட்டத்தையும் குச்சிக்கட்டையும் எடுத்து வைத்திருப்பதையும் பார்த்தார்.

"ஏம்மா, மறுபடியும் பகல்ல குச்சி அடுக்குற வேலைதானா? பிள்ளை மதுரைக்குப் போயிருச்சே, இனியாவது நீ பகல் பூரா பெட்டி ஒட்டுவேன்னு பாத்தா! ஒரு வருசமா உங்கிட்ட இதே பாடாப் போச்சு. சீசன் நேரத்துல இப்படிப் பண்ணினா எப்படி?"

"காலங்காத்தால எந்திரிச்சு ஒட்டிப் போட்டுருதேன்ல. வழக்கம்போல வந்து எடுத்துக்கிடுங்க" என்றார் அவர், என் பக்கம் பார்க்காமலே.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் பிள்ளை தன்னிடம் இருக்கிற நேரத்தில் ஒரு வருடமாக அவர் பசையையே தொட்டதில்லை. விடியுமுன் எழுந்து ஒட்டி முடித்துக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்கியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த பசை, பிள்ளை என் வீட்டில் இருந்ததால் பகலில் எடுத்த பசை. நான் தினமும் வாசலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் "சரிங்க டீச்சரம்மா" என்றுதான் சொன்னார். இதைச் சொன்னதே இல்லை. நான் கத்திய அன்று சொல்ல வந்தார், நான் விடவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். என் வயதுக்காரரை அக்கா என்று கூப்பிட்டதில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. பிள்ளை இப்படிக் கெடந்தா யாருக்குத்தான் புத்தி நிலையா இருக்கும்? இருக்கன்குடி மாரிக்கு மாவிளக்கு நேந்திருக்கேன், நீங்க வேதக்காரவுக, கோவிச்சுக்கிடாதீக. அரிசி மாவுதான், பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. போங்க, ஸ்கூலு பெல் அடிச்சிரும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பெருங்காயம் வாங்கியதில்லை. சுவரில் இருந்த காகிதத்தில் அதையும் எழுதிச் சேர்த்தேன். ஆனால் எழுதி ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கை அத்தோடு போய்விட்டது. என் மகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், கோதுமையை இன்னும் தொடுவதில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, சில சமயம் நியாயமாகவும் வந்திருக்கிறது. ஆனால் இவர்தான் செய்தார் என்று யாரையாவது சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், மூக்கைப் பிடித்து ஊற்றிய என் கைதான் முதலில் எனக்குத் தெரிகிறது.